காமு போட்ட சுண்ணாம்புக் கோடு

எங்கே இருந்தாலும் நாலு பேரை உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கப் போகிற என் காமுவுக்கு,

ஜெயித்துவிட்டாயடி! முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை சொல்ல ஆரம்பித்தால் ஊரைச் சுற்றித்தான் வருவேன், நீ பொறுக்க மாட்டாமல் "விஷயத்துக்கு வாங்கோ ஸ்டெல்லாக்கா" என்று மேஜையைத் தட்டுவாய். விஷயம் இதுதான்: நம் பள்ளிக்கூடத்துச் சவுக்குத் தோப்பை வெட்டப் போவதில்லை. வெட்டியே தீருவேன் என்று நின்ற செயலாளர் அண்ணாச்சியே தன் வாயால் அதைச் சொல்லிவிட்டார்.

போன வாரம் மயிலாப்பூரில் உன் அண்ணா வீட்டில் உன் முதல் வருஷத் திதி, வருஷாப்திகம், முடிந்தது. மறுநாள் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உன் படத்துக்கு முன்னால் நின்று இந்தச் செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கூடம் நிறைய ஆட்கள். உன் மன்னி வேறு என் இலையை விட்டு நகராமல் பாயசம் ஊற்றிக்கொண்டே இருந்தார். சொல்ல முடியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

பள்ளி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இரங்கல் கட்டுரை எனக்கு வராது. "ஆற்றொணாத் துயரம்" என்று ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நீயாகத்தான் இருப்பாய். அதனால் உனக்கே எழுதுகிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும். அவர்கள் படிக்க வேண்டிய காரணமும் ஒன்று இருக்கிறது. உன் கடைசி நாட்களில் நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதை நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

உன்னைப் பார்த்திராத புதுப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள். நீ தாவரவியல், நான் தமிழ். நீ மயிலாப்பூரில் பஸ் ஏறுவாய், நான் மந்தைவெளியில் ஏறுவேன், அடையாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் ஒரு சண்டை போட்டு முடித்திருப்போம். பள்ளிக்கும் கடல் மணலுக்கும் நடுவே நிற்கிற தோப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சவுக்கு விறகு நன்றாக எரியும் என்பது ஒன்றுதான். அந்த மரங்கள் இல்லாவிட்டால் ஐப்பசிக் காற்றில் நம் கீற்றுக் கொட்டகை வகுப்புகள் கூரையில்லாமல் நிற்கும் என்பதை நீ சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

அந்தத் தோப்பில் வாசல் பக்கமிருந்து மரங்கள் காய ஆரம்பித்தன. முதலில் ஒன்று, அடுத்த வருஷம் அதைச் சுற்றி நாலைந்து. உச்சி மஞ்சளாகும், ஊசி ஊசியான மிலார் உதிரும், சில மாதத்தில் மொட்டைக் கம்பாகிவிடும். ஒன்று சைக்கிள் கொட்டகை மேலேயே சாய்ந்தது. நல்ல வேளை, அப்போது பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். தோட்டக்காரர் கன்னியப்பன் கரையான் மருந்தைக் கூடை கூடையாகக் கொட்டினார்.

"கரையான்தாம்மா. வேற இன்னா கீது இதுல?" என்றார். எல்லாம் தெரிந்தவள்போல் நானும் தலையாட்டினேன்.

நீ ஒருத்திதான் கஞ்சி போட்ட புடவை என்றும் பாராமல் மணலில் மண்டியிட்டாய். அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த காளானை எனக்குக் காட்டினாய். சின்ன விசிறி மாதிரி இருந்தது. மேலே வார்னிஷ் அடித்தாற்போல் செம்பழுப்புப் பளபளப்பு, அடியில் சுத்த வெள்ளை. அதைப் பிடுங்கிப் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டேன்.

"மாங்காயைப் பறிச்சா மாமரம் செத்துடுமா? இது வெறும் காய்தான். ஆசாமி கீழே வேர்ல குடித்தனம் பண்ணிண்டிருக்கான்" என்றாய்.

கொஞ்சம் தோண்டி ஒரு வேரை எடுத்து என் கையில் வைத்தாய். பட்டை தொட்டவுடன் கழன்று வந்தது. உள்ளே கட்டை ஊறிய பஞ்சாகி, வெள்ளை வெள்ளையாக இழை ஓடியிருந்தது. தண்ணீரை உறிஞ்சிக் கொடுக்க வேண்டிய வேரே அழுகிவிட்டால் உச்சி காயாமல் என்ன செய்யும்? அந்தப் பூஞ்சைக்கு வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயரும் சொன்னாய், அதை இன்றுவரை நான் சரியாகச் சொன்னதில்லை. "ஒரு மரத்து வேர் பக்கத்து மரத்து வேரைத் தொட்டா போறும், அங்க குடிபோயிடுவான். இப்படியே வீடு மாறி வீடு மாறி ஒருநாள் கடல் வரைக்கும் போயிடுவான்" என்றாய். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் எங்கிருந்து வந்தது என்று நீ தேடிப் போனாய் பார், அதில்தான் வம்பு ஆரம்பித்தது. அண்ணாச்சிக்குத் தி. நகரில் ஜவுளிக் கடை. தெற்கே இருந்து வந்து அவர் தகப்பனார் தொடங்கிய கடை, அந்தத் தகப்பனார் எழுப்பிய பள்ளி. தோப்பு வாசலில் அவர் பெயர் பொறித்த சலவைக்கல் ஒன்று மேடை கட்டிப் பதித்திருக்கும், அதன் முன்னால் ஒரு குழி. வருஷா வருஷம் ஆடி மாதம் மரம் நடு விழாவில் அண்ணாச்சி அந்தக் குழியில் ஒரு சவுக்குக் கன்று நடுவார். பிள்ளைகள் பாடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அடுத்த ஆடிக்குள் கன்று காய்ந்திருக்கும். கல் அங்கே இருப்பதால் குழியையும் மாற்ற முடியாது. காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு அதிலேயே அடுத்த கன்றை வைப்பார்கள். தண்ணீர் ஊற்றவில்லை என்று கன்னியப்பனுக்கு வருஷம் ஒருமுறை திட்டு விழும்.

நீ அந்தக் குழியைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தாய். மேடை கட்டுவதற்காக எப்போதோ ஒரு பெரிய மரத்தைத் தரையோடு தரையாக அறுத்துவிட்டு, அடிக்கட்டையை எடுக்காமல் மேலே மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அது உள்ளேயே அழுகிப் பூஞ்சைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு கன்றை நாமும் பாட்டுப் பாடி அதன் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

இதை நீ அண்ணாச்சியிடம் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? விழா மேடையில், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டுமா? நான் கீழே இருந்து ஜாடை காட்டிக் காட்டிக் கை ஓய்ந்துபோனேன். அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது.

"எங்க ஐயா பேரு இருக்க எடத்துல இருந்துதான் நோவு பரவுதுன்னு சொல்லுதீயளா டீச்சர்? இந்தத் தோப்பே வேண்டாம். மொத்தமா வெட்டித் தள்ளிட்டு ஒரு கலையரங்கம் கட்டிப்புடுதேன்" என்றார்.

நீ அசையவில்லை. "ஒரு வருஷம் குடுங்கோ அண்ணாச்சி. வியாதி வந்த இடத்தைச் சுத்தி நான் அகழி வெட்டறேன். அதைத் தாண்டி ஒரே ஒரு மரம் காஞ்சாலும் நீங்க கோடாலியோட வாங்கோ. முதல் வெட்டை நானே வெட்டறேன்."

சபையில் சொன்ன வார்த்தை. அண்ணாச்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "சரி, அடுத்த விழா அன்னைக்குப் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பஸ்ஸில் நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மணல் சரியாமல் எப்படி வெட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாய்.

விளையாட்டு விழாவுக்கு ஓட்டப் பாதை போடுகிற சுண்ணாம்புத் தூளை வாங்கி வந்து கோட்டை நீயே போட்டாய். வியாதி மரங்களுக்கு ஒட்டினாற்போல் போடவில்லை. அவற்றுக்கு அடுத்து நிற்கிற நல்ல மரங்கள் ஒரு வரிசையையும் உள்ளே தள்ளி, அதற்கு அப்பால் போட்டாய். கோட்டின் மேல் இரண்டடி அகலம், மூன்றடி ஆழத்துக்கு அகழி, குறுக்கே வருகிற வேரையெல்லாம் அறுத்துவிட வேண்டும். உள்ளே நிற்கிற மரங்களை வேரோடு எடுத்து எரிக்க வேண்டும். கல்மேடை மேல் மட்டும் அண்ணாச்சி கை வைக்க விடவில்லை. அகழிக்குள் இருக்கிறவரை அது கிடக்கட்டும் என்று நீயும் விட்டுவிட்டாய்.

அந்த நல்ல வரிசையில்தான் நம் மரமும் இருந்தது. நாம் தினமும் அடியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற மரம். உன்னோடு எவ்வளவு மல்லுக்கு நின்றேன்!

"ஒரு மிலார்கூட மஞ்சளாகலையேடி, இதை எதுக்கு வெட்டணும்?"

"மேல பச்சையா இருக்குங்கறது சாட்சி இல்லை ஸ்டெல்லாக்கா. கீழ தொட்டாச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

அகழி பாதி வெட்டியிருந்தபோது உனக்குக் காமாலை கண்டது. முதலில் கீழாநெல்லி, பத்தியம் என்று பார்த்துவிட்டு உன் அண்ணா ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வேலையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. கன்னியப்பனும் ஆட்களும் வெட்டிக்கொண்டே வந்து நம் மரத்தருகே நின்றார்கள்.

"இன்னா டீச்சரம்மா, இத்தையும் உள்ள வுட்டு சாய்ச்சுடலாமா?"

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன் காமு. "இங்க மட்டும் கொஞ்சம் உள்ள வளைச்சு வெட்டுங்க. இந்த ஒரு மரம் வெளிய இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். மரத்துக்கு அந்தப் பக்கம் நீ போட்டிருந்த கோட்டைக் காலால் மணலைத் தள்ளி மூடினேன். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது நம் மரத்தையும் சாய்க்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு மரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் உன்னைப் பார்க்க வந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் நீ கேட்டாய், "கோட்டுலயே வெட்டினாளா?" என்று.

"உன் கோட்டுலயேதாண்டி" என்றேன்.

நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாய். நாலாம் நாள் நீ போய்விட்டாய். நான் உன்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அந்தப் பொய்யாகவே நின்றுவிட்டது.

மழைக்காலம் வந்தது. இரண்டு நாள் அடித்த காற்றில் மந்தைவெளியில் எங்கள் தெருவில் மின்கம்பமே சாய்ந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். தோப்பில் ஒரு மரம்கூட விழவில்லையடி! வேர் நன்றாக இருக்கிற மரத்தைக் காற்று என்ன செய்துவிடும்? கீற்றுக் கொட்டகையும் அப்படியே இருந்தது. நனைந்த புடவையோடு நின்று, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், "காமு, நிக்குதுடி!" என்று கத்தினேன். கன்னியப்பன் எனக்கு ஜன்னி கண்டுவிட்டது என்றே நினைத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷம் கோடை வரைக்கும்தான். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று தோப்புப் பக்கம் போனேன். நம் மரத்தின் உச்சி மஞ்சளாகியிருந்தது. அடியில் மணலை ஒதுக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு அந்த வார்னிஷ் காளான். அகழிக்கு வெளியே ஒரு மரம் காய்ந்தாலும் தோப்பு போய்விடும் என்று சபையில் வார்த்தை கொடுத்தவள் நீ. அந்த மரத்தை வெளியே விட்டவள் நான்.

கன்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றார். "பயப்படாதம்மா. ஞாயித்துக்கெழம ஸ்கூல்ல யாரும் இருக்க மாட்டாங்கோ. நான் சாய்ச்சு வெறகு ஆக்கிடறேன். அண்ணாச்சிக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார்.

சபலம் இல்லாமல் போகுமா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் உட்கார்ந்தேன், காது முழுக்கக் கோடாலிச் சத்தமாகவே கேட்டது. மரத்தைச் சாய்க்கலாம், வேர் அங்கேயே இருக்குமே? அதைச் சுற்றி மறுபடி அகழி வெட்ட வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டுமே? காரணம் சொல்லாமல் விட்டால் கல்மேடைக் கதைதான் திரும்பவும் நடக்கும், மண்ணைப் போட்டு மூடியது இந்தத் தடவை நான் என்பதுதான் வித்தியாசம். உன்னிடம் சொன்ன ஒரு பொய்யே தொண்டையை விட்டு இறங்காமல் நிற்கிறது. கன்னியப்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விழா நாள் வந்தது. அண்ணாச்சி பள்ளி நிர்வாகக் குழுவினரோடு அகழியைச் சுற்றி நடந்தார். அகழிக்கு வெளியே ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, மறு பக்கமும் பச்சை. அவர் முகத்தில் லேசாக ஒரு திருப்திகூடத் தெரிந்தது. நம் மரத்தருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"தாண்டிட்டுல்லா டீச்சர்?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. வருத்தம்தான் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது தாண்டல அண்ணாச்சி. நான்தான் தாண்ட விட்டேன்" என்றேன். கோட்டை வளைத்தது, காலால் மூடியது, உன்னிடம் பொய் சொன்னது எல்லாவற்றையும் பிள்ளைகள் காதில் விழச் சொன்னேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை.

அண்ணாச்சி கன்னியப்பனிடம் மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார். நான் காட்டிய இடத்தில் மேல்மணலை ஒதுக்கினார்கள். ஒரு மழைக்காலம் போன பிறகும் அடியில் வெள்ளைத் தடம் அங்கங்கே பொருக்குத் தட்டிக் கிடந்தது. நீ போட்ட கோடு! அப்புறம் மரத்தின் இரு பக்கமும் தோண்டினார்கள். கல்மேடைப் பக்கத்து வேரெல்லாம் பஞ்சு. மரத்துக்கும் உன் கோட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வேரில் வெள்ளை இழை பாதித் தூரம் வந்து நின்றிருந்தது. கோட்டுக்கு அப்பால் அத்தனை வேரும் சிவப்பாக, கல்லுப்போல் கெட்டி. ஒரு முழம் முன்னால் நீ போட்டிருந்தால் போதாது, ஒரு முழம் பின்னால் போட்டிருந்தால் வீண். எப்படியடி கண்டுபிடித்தாய்? கணக்கா, ஊகமா, இல்லை வழக்கமான உன் பிடிவாதமா?

அண்ணாச்சி எழுந்து நின்று அகழியின் நீளத்தை ஒருமுறை பார்த்தார், என் வளைவை ஒருமுறை பார்த்தார். ஆயுசு முழுக்கத் துணி கிழித்த மனிதர் இல்லையா? சட்டென்று பிடித்துவிட்டார்.

"அளவு சரியாத்தான் போட்டிருக்காவ காமாட்சி டீச்சர். கத்திரிதான் கோணலா போயிட்டு" என்றார். "கோட்டுல வெட்டுன எடமெல்லாம் பச்சையா நிக்கி. வளைச்ச ஒத்த எடத்துல காஞ்சிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இந்தத் தோப்புல இனி ஒருத்தரும் கோடாலி வைக்கப்படாது."

காமு, நீ சொன்னது சரி என்பதற்கு என் தப்பே சாட்சி சொல்லிவிட்டதடி! வளைக்காமல் வெட்டியிருந்தால்கூட, மரமெல்லாம் தானாகப் பிழைத்தது என்று யாராவது வாய் கூசாமல் சொல்லியிருப்பார்கள்.

அதோடு முடியவில்லை. அண்ணாச்சி நேராகக் கல்மேடைக்குப் போனார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எங்க ஐயா பேரு நோவு மேல நிக்க வேண்டாம்" என்று சலவைக்கல்லை அவரே நெம்பி எடுத்தார். அந்த வருஷம் விழாவில் ஒரு கன்றும் நடவில்லை. மரம் பிடுங்கு விழாதான் நடந்தது. பழைய அடிக்கட்டையை வெளியே இழுக்க ஆறு ஆட்களுக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. அது புரண்டு விழுந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. கல் இப்போது பள்ளி முகப்புச் சுவரில் இருக்கிறது, முன்னைவிட எடுப்பாகவே.

நம் மரத்தைச் சாய்த்த அன்று நான் அங்கேயே நின்றேன். அதைச் சுற்றி இரண்டாவது அகழிக்கு நீ அளவு குறித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து நானே கோடு போட்டேன். பக்கத்து மரங்களின் வேரையெல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றிலும் இழை இல்லை. உன் இடத்துக்கு வந்திருக்கிற புது டீச்சர் பிள்ளைகளை அகழிக்குள்ளேயே இறக்கிப் பாடம் எடுக்கிறாள். நேற்று ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து அந்த லத்தீன் பெயரைத் தப்பில்லாமல் சொல்லிக் காட்டினாள், திமிர் பிடித்தவள். தெற்கே அடுக்கு வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன, அங்கே குடிவந்தவர்கள் சாயங்காலம் நம் வேலி ஓரமாக நின்று காற்று வாங்குகிறார்கள். அது யாருடைய தோப்பு என்று கேட்டால் உன் பெயரைத்தான் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் என் முகத்தை அத்தனை நேரம் பார்த்தாயே, நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும்தான் கண்ணை மூடிக்கொண்டாயா?

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கடல் மணல் சரிந்து அகழி தூர்ந்துகொண்டே வருகிறது, அடுத்த வாரம் வெட்டத் தொடங்குகிறோம். என் உடம்பில் தெம்பு இருக்கிறவரை வருஷா வருஷம் முன்னால் நின்று அதைத் தூர் எடுப்பேன். யார் வந்து கெஞ்சினாலும், எந்த மரம் குறுக்கே நின்றாலும், உன் கோட்டை ஒரு விரற்கடைகூட வளைக்க விட மாட்டேன். கோட்டிலேயே வெட்டினார்களா என்று நீ இனி எப்போது கேட்டாலும், ஆமாம் என்று உன் கண்ணைப் பார்த்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
கூடப் பிறக்காவிட்டாலும் உனக்கு மூத்தவளான
உன் ஸ்டெல்லாக்கா